கிரிப்டோ பாட் எழுதுகிறவர்களுக்கு: பதில் வராத ஆர்டரை நம்பாதீர்கள்

போன சனிக்கிழமை இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு தம்பி தன் டிரேடிங் பாட்டின் (தானாகவே கிரிப்டோ வாங்கி விற்கும் புரோகிராம்) கோடிங்கைக் காட்டினான். "ஆர்டர் போகலன்னா அதுவே மூணு தடவை திரும்ப அனுப்பும் அண்ணா" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2023-இல் என் பாட்டிலும் அதே வரிகள்தான் இருந்தன.

பதில் வரவில்லை என்றால் ஆர்டர் போகவில்லை என்று எடுத்துக்கொள்வது

அப்போது டர்பனில் லோட்ஷெடிங் (முறை வைத்து கரண்ட் நிறுத்துவது) கடுமை. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் லேப்டாப் ஓடும். ஆனால் மொபைல் டவரின் பேட்டரி இறங்க இறங்க நெட் இழுக்கும். என் பாட் பதிலுக்கு 3 விநாடிதான் காத்திருக்கும். ஒரு ராத்திரி 2,000 ராண்டுக்கு பிட்காயின் வாங்க ஆர்டர் அனுப்பியது. ஆர்டர் எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்துக்குப் போய், வாங்கியும் ஆகிவிட்டது. பதில்தான் வந்து சேரவில்லை. பாட் மறுபடி அனுப்பியது, அதற்குப் பிறகும் அனுப்பியது. நாலாவது தடவைதான் பதில் கிடைத்தது. கையில் 8,000 ராண்டுக்கு பிட்காயின், விலை சரிந்தால் தானாக விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் 2,000-க்கு மட்டும். விடிவதற்குள் விலை சரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

டைம்அவுட் (காத்திருக்கும் நேரத்துக்குள் பதில் வராமல் போவது) என்றால் 'நடந்ததா இல்லையா தெரியாது' என்று பொருள். 5-இல் தொடங்கும் எண்ணோடு வரும் சர்வர் பிழைகளையும் தோல்வியாகக் கொள்ளக் கூடாது என்று பைனான்ஸ் (Binance) எக்ஸ்சேஞ்ச் தன் ஏபிஐ (பாட் எக்ஸ்சேஞ்சோடு பேசும் வழி) ஆவணத்திலேயே சொல்கிறது.

ஆர்டர் அனுப்பும் முன்பே அதற்கு நீங்களே ஒரு ஐடி கொடுத்து டிஸ்கில் எழுதிவிடுங்கள். பதில் வராவிட்டால் அந்த ஐடியைச் சொல்லி எக்ஸ்சேஞ்சிடம் கேளுங்கள். உடனே கேட்காதீர்கள், ஆர்டர் இன்னும் வழியில் இருக்கலாம். பைனான்ஸில் ரெசீவ் விண்டோ, அதாவது அனுப்பிய ஆர்டர் செல்லுபடியாகும் நேரம், வழக்கமாக 5,000 மில்லிவிநாடி. அது கழிந்தபின் கேளுங்கள். அதே ஐடியைப் போட்டு மறுபடி அனுப்பினால் தடுத்துவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள்: முதல் ஆர்டர் நிறைவேறியிருந்தால் அதே ஐடியோடு வரும் இரண்டாவது ஆர்டரையும் பைனான்ஸ் ஏற்றுக்கொள்ளும். கேட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

தம்பியின் பாட்டை டெஸ்ட்நெட்டில் (நிஜப் பணம் இல்லாமல் சோதிக்கும் இடம்) ஓட்டி, ஆர்டர் போன கையோடு வைஃபையை அணைத்தோம், சற்றுக் கழித்துப் போட்டோம். ஒன்றுக்கு இரண்டு ஆர்டர். அங்கேயே உட்கார்ந்து திருத்தினான்.

ஏபிஐ கீயில் (பாட் உங்கள் கணக்கில் நுழையும் சாவி) பணம் எடுக்கும் அனுமதி

கொடுக்காதீர்கள்.

கட்டணம் சேர்க்காத பேக்டெஸ்ட் (பழைய விலைகளில் பாட்டை ஓட்டிப் பார்ப்பது)

வாங்க 0.1%, விற்க 0.1% என்றால், தினம் 10 முறை முழுப் பணத்தையும் போட்டு எடுக்கும் பாட்டுக்குக் கட்டணமே சுமார் 2%.

ராண்டில் கணக்கு எழுதாமல் விடுவது

கிரிப்டோவுக்கும் வழக்கமான வருமான வரி விதிகள்தான் என்று தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் 2018 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. ஒவ்வொரு டிரேடின் ராண்டு மதிப்பையும் பாட்டே அப்போதைக்கப்போது எழுதட்டும்.