வங்கி ஏலத்தில் வீடு வாங்க நினைக்கும் குடும்பத்திற்கு

கடன் தவறியவரின் வீட்டை 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் வங்கி ஏலம் விடும்போது, விலையைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வீடு யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏல அறிவிப்பில் 'அடையாள சுவாதீனம்' (வீட்டை வங்கி காகித அளவில் மட்டும் கையகப்படுத்திய நிலை) என்றிருந்தால், பழைய உரிமையாளரோ வாடகைதாரரோ இன்னும் உள்ளே குடியிருக்கக்கூடும். பள்ளி திறப்பதற்குள் குடியேற வேண்டிய குடும்பம், வங்கி நேரடி சுவாதீனம் எடுத்துவிட்ட வீட்டுக்கு மட்டுமே ஏலம் கேட்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பார்வையிடும் நாளில் குடும்பத்தோடு செல்லுங்கள். கொடியில் துணி காய்கிறதா, மின்மீட்டர் ஓடுகிறதா, குளியலறைச் சுவரில் ஈரம் ஊறியிருக்கிறதா என்று நின்று பாருங்கள். வீடு 'உள்ளது உள்ளபடி' விற்கப்படுவதால், பழுதுகளும், பெரும்பாலும் சொத்துவரி, மின்கட்டண நிலுவைகளும் வாங்குபவரையே சேரும். வில்லங்கச் சான்றிதழையும் மூலப்பத்திரத்தையும் பார்க்கும் வழக்கறிஞரிடம், கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்றும் கேளுங்கள்.

பணத்திற்கான கெடு மிகக் கடுமையானது. ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் முன்வைப்புத் தொகையையும் சேர்த்து, ஏலத்தொகையில் 25 சதவீதத்தை ஏலம் எடுத்த அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள் செலுத்த வேண்டும். மீதியை விற்பனை உறுதி செய்யப்பட்ட 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். வங்கி எழுத்துமூலம் இசைந்தால் மட்டுமே இக்கெடு 3 மாதம் வரை நீளும். தவறினால் கட்டிய பணமும் பறிபோகும். ஆகவே வீட்டுக்கடன் ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் தொகைக்கு மேல் கேட்பதில்லை என்பதை முந்தைய இரவே வீட்டில் கலந்து பேசி எழுதி வைத்துவிடுங்கள்.