வாடைக்காற்றை வாசித்துவிட்டு நெடுந்தீவுக்குப் போங்கள்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் நெடுந்தீவுக்குப் போகப் போகிறேன் என்று யாராவது சொன்னால், செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலை முதலில் வாசியுங்கள் என்பேன். 1973இல் வந்த நாவல். வாடை தொடங்கியதும் வெளியூர் மீனவர்கள் தீவுக்கு வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போடுவதும், அங்கே முளைக்கும் காதலும் பகையும்தான் கதை. தமிழ் படிப்பிக்கிற எனக்கு மிகவும் பிடித்த நூல்களில் ஒன்று. அதை வாசித்தவருக்குத் தீவின் காற்றும் கரையும் ஏற்கெனவே பழகியவைபோல இருக்கும்.

எந்த மாதம் போவது? வடகீழ்ப் பருவத்தோடு வலசைப் பறவைகள் வந்துவிடும். ஆனால் அதே காற்றில் கடல் கொந்தளிக்கும், படகு நின்றும் போகும். ஆகவே மாரி மழை ஓய்ந்த பெப்ரவரிதான் என் தெரிவு. குளங்களில் தண்ணீர் கிடக்கும், புல் பச்சையாக இருக்கும், பறவைகளும் திரும்பிப் போயிருக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து, நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் துறைக்கு பஸ் உண்டு. வெள்ளன வெளிக்கிடுங்கள். பண்ணைப் பாலம் தாண்டியதும் ஜன்னலோரம் இருந்து பரவைக்கடலைப் பாருங்கள். பருவ காலத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்று தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசும். மண்டைதீவுச் சந்தி, வேலணை கழிந்தால் புங்குடுதீவு. மு. தளையசிங்கத்தின் ஊர். ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் சத்தியாக்கிரகத்தில் இறங்கி அடி வாங்கிய எழுத்தாளர் அவர். 1973இல் காலமானபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அந்தத் தெருவால் போகும்போது அவரை நினைக்காமல் என்னால் போக முடிவதில்லை.

குறிகட்டுவானிலிருந்து படகு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். நேரம் காற்றைப் பொறுத்து மாறும் என்பதால் முதல் நாளே விசாரியுங்கள். மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினி என்ற பயணிகள் படகில் 1985 மே 15 அன்று கொல்லப்பட்டவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள்.

தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். நடந்து முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஓட்டோ பிடியுங்கள், வாடகையை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பெருக்குமரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, கோட்டை இடிபாடு எல்லாவற்றையும் காலையிலேயே பார்த்துவிடலாம். வழிநெடுக முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலிகளைக் கவனியுங்கள். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியவை. ஒரு கல்லைக்கூட உருவாதீர்கள்.

அப்புறம் குதிரைகள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழிவந்த, உயரம் குறைந்த குதிரைகள். தெற்குப் பக்கத்து வெளிகளில் கூட்டம் கூட்டமாக மேயும். வெயில் ஏறமுன்பும் பின்னேரமும்தான் நன்றாகப் பார்க்கலாம். அதனால் ஓர் இரவு தங்குங்கள், இல்லாவிட்டால் பின்னேரப் படகுக்கு ஓட வேண்டி வரும். ஓட்டோவைத் தூரத்திலேயே நிறுத்தச் சொல்லி மெல்ல நடந்து போங்கள். குதிரை காதை உங்கள் பக்கம் திருப்பினால் நின்றுவிடுங்கள். அது மறுபடி தலையைக் குனிந்து மேயத் தொடங்கினால்தான் அடுத்த அடி. குட்டியோடு நிற்கும் தாயை நெருங்கவே வேண்டாம். நல்ல படம் எடுக்கவேண்டுமென்று மோட்டார் சைக்கிளில் விரட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். கோடையில் குளம் வற்றித் தண்ணீர் இல்லாமல் செத்துப்போகும் உயிர்கள் இவை. வீணாக ஓடவைப்பது பாவம்.

பாண், பிஸ்கட் எதுவும் தீத்தாதீர்கள். உங்களுக்குக் குடிதண்ணீர் போதியளவு கொண்டுபோங்கள், வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மத்தியானச் சாப்பாட்டைக் காலையிலேயே சொல்லிவைத்தால் அன்று பிடித்த மீனில் கறி கிடைக்கும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால், திரும்பும் வழியில் ஊர்காவற்றுறைக்குப் போய்க் கரம்பொன்னையும் பாருங்கள். உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளுக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர். வேலணையில் இறங்கி விசாரித்தால் பஸ் பிடிக்கலாம்.