இன்டெல் மேசையில் ஆர்ம் கர்னல்: விர்ச்சுவல் மெஷினுக்காக கர்னல் கட்டுவோம், வாங்க

"கர்னல்ல கேவிஎம் ஆன் பண்ணித்தானுங்க வெச்சிருக்கேன், அப்புறமும் ஆர்ம் விஎம் ஏனுங்க இத்தன மெதுவா ஓடுது?" கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது.

கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. விஎம் என்கிற விர்ச்சுவல் மெஷின், கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி. அதை ஓட்ட உதவும் கர்னல் பகுதிதான் கேவிஎம். அது மொழிபெயர்ப்பு வேலை செய்யாது. 2007-இல் லினக்ஸ் 2.6.20-இல் சேர்ந்ததிலிருந்து அது செய்வது, விஎம்முக்குள் இருக்கும் கட்டளைகளை உங்கள் பிராசஸரிலேயே நேரடியாக ஓட விடுவதைத்தான். ஆர்ம் வேறு வகைப் பிராசஸர், அதன் கட்டளை இன்டெல் பிராசஸருக்குப் புரியாது. மூணு பேஸ் மோட்டாரை ஒத்தை பேஸ் லைனில் ஓட்ட நடுவில் கன்வெர்ட்டர் போடுகிறோம் இல்லையா, இங்கே அந்த வேலையைச் செய்வது கியூஎமு என்கிற மென்பொருள். ஓடும், ஆனால் மெதுவாகத்தான் ஓடும்.

அதனால் தயார் செய்ய வேண்டிய கர்னல்கள் இரண்டு. விஎம்மை ஓட்டுகிற ஹோஸ்ட் கர்னலுக்குத்தான் கேவிஎம் வேண்டும், அதுவும் இரண்டும் ஒரே வகைப் பிராசஸருக்கானதாக இருந்தால்தான் உதவும். உள்ளே ஓடுகிற கெஸ்ட் கர்னலுக்கு வேண்டியது விர்ட்ஐஓ, அதாவது விஎம்முக்கென்றே உள்ள வட்டு, நெட்வொர்க் டிரைவர்கள். இரண்டையும் ஒரே கான்ஃபிக்கில் (கர்னலில் எது எது இருக்க வேண்டும் என்ற பட்டியல்) போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு மோட்டாரைக் கவனிக்கிற ஒரு ராஸ்பெர்ரி பை 4 (ஆர்ம் பிராசஸர் உள்ள சின்னக் கணினிப் பலகை) இருக்கிறது, அதற்கான கர்னலை வீட்டு மேசையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

(கட்டளைகளை உச்சரிக்கிறபடி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

படி 1: பிராசஸரைப் பாருங்கள்

ப்ராக் அடைவில் உள்ள சிபியுஇன்ஃபோ கோப்பில் கிரெப் கட்டளையால் தேடுங்கள். இன்டெல் என்றால் விஎம்எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்று வரும். எதுவும் வராவிட்டால் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கலாம். பழைய மெஷினை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

படி 2: கருவிகள்

உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியல், ஃபிளெக்ஸ், பைசன், பிசி (கணக்குப் போடும் சிறு கருவி), லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ் ஆகியவற்றோடு ஆர்முக்கான ஜிசிசி கிராஸ் கம்பைலர் (இன்டெல் மெஷினில் ஓடி ஆர்முக்கான நிரலைக் கட்டித் தருவது), கியூஎமு இரண்டையும் நிறுவுங்கள்.

படி 3: ஹோஸ்ட் கர்னல்

கர்னல் மூலநிரல் அடைவுக்குள் போய் மேக் மெனுகான்ஃபிக் கொடுத்தால் விர்ச்சுவலைசேஷன் என்று ஒரு மெனு தெரியும். எக்ஸ்86-இல் கேவிஎம்மையும், உங்கள் பிராசஸருக்கேற்ப இன்டெல் அல்லது ஏஎம்டி துணைப் பகுதியையும் தேர்ந்தெடுங்கள். மாட்யூலாகவே (தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனிக் கோப்பாக) வைக்கலாம். விஎம்முக்கு பிரிட்ஜ் வழியாக நெட்வொர்க் கொடுப்பதாக இருந்தால் டியூன், பிரிட்ஜ், விஹோஸ்ட்-நெட் மூன்றும் சேரட்டும்.

ஆர்ம்64-இல் கதை வேறு. அங்கே கேவிஎம்முக்கு மாட்யூல் என்ற தேர்வே கிடையாது, கர்னலுக்குள்ளேயே கட்டியாக வேண்டும். கர்னல் இஎல்2 என்கிற ஹைப்பர்வைசர் நிலையில் துவங்கி, துவக்கத்திலேயே கேவிஎம்முக்கு அங்கே இடம் பிடித்து வைக்கிறது. பிறகு வந்து சேர வழியில்லை. 32 பிட் ஆர்மில் ஹோஸ்டாக ஓடும் வசதியை 2020-இல், 5.7 பதிப்பில், எடுத்தே விட்டார்கள். அதைச் செய்யச் சொல்லும் பழைய குறிப்பு கிடைத்தால் அப்படியே மூடி வைத்துவிடுங்கள்.

படி 4: கெஸ்ட் கர்னல்

இரண்டு மாறிகளை டெர்மினலில் முதலிலேயே எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்: ஆர்ச் என்பதற்கு ஆர்ம்64, கிராஸ்_கம்பைல் என்பதற்கு ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ என்ற முன்னொட்டு (கடைசியில் ஒரு கோடு உண்டு, விட்டுவிடாதீர்கள்). ஒவ்வொரு முறையும் கையால் தட்டினால் ஒரு நாள் மறக்கும். ஆர்ச் இல்லாமல் மேக் கொடுத்தால், நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த ஆர்ம் கான்ஃபிக் எக்ஸ்86-க்கு மாறிப் போகும்.

அப்புறம் வரிசையாக மூன்று: மேக் டெஃப்கான்ஃபிக், மேக் கேவிஎம்_கெஸ்ட்.கான்ஃபிக், மேக் இமேஜ். நடுவில் உள்ளதுதான் விர்ட்ஐஓ வட்டு, நெட்வொர்க், கன்சோல் எல்லாவற்றையும் ஒரே அடியில் இயக்குகிறது. எந்த ஆர்க்கிடெக்சருக்கும் இதே பெயர்தான். விர்ட்ஐஓ வட்டு டிரைவர் மாட்யூலாக இல்லாமல் கர்னலுக்குள் இருப்பது முக்கியம். இனிட்ராம்எஃப்எஸ் (துவக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் தற்காலிகக் கோப்பமைப்பு) இல்லாமல் துவக்கும்போது, வட்டைப் படிக்கிற டிரைவரே அந்த வட்டுக்குள் மாட்டிக்கொண்டால் ரூட்டை (முதன்மைக் கோப்பமைப்பை) மவுண்ட் செய்ய முடியாமல் கர்னல் பேனிக் ஆகி நின்றுவிடும்.

ஆர்ம்64 டெஃப்கான்ஃபிக் பெரிது, ஊரில் உள்ள எல்லா சிப்பையும் அதற்குள் போட்டிருக்கிறார்கள். மெனுவில் பிளாட்ஃபார்ம் செலக்ஷனுக்குப் போய் பிராட்காமை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்தால் கட்டும் நேரம் நன்றாகக் குறையும். பை 4-க்கு அது போதும், கியூஎமுவின் விர்ட் மெஷினுக்கு அதுகூடத் தேவையில்லை.

படி 5: ஓட்டிப் பாருங்கள்

கியூஎமு-சிஸ்டம்-ஏஆர்ச்64-க்கு மெஷின் விர்ட், சிபியு கார்டெக்ஸ்-ஏ57, நோகிராஃபிக், கர்னலாக ஆர்ச் அடைவுக்குள் ஆர்ம்64, பூட் என்று போனால் கிடைக்கும் இமேஜ் கோப்பு, அப்பெண்டில் கன்சோலுக்கு டிடிஒய்ஏஎம்ஏ0 என்று கொடுங்கள். சிபியுவைச் சொல்லாமல் விட்டால் விர்ட் மெஷின் கார்டெக்ஸ்-ஏ15 என்ற 32 பிட் பிராசஸரை எடுத்துக்கொள்ளும், திரையில் ஒரு எழுத்தும் வராது. வட்டு எதுவும் கொடுக்காததால் கடைசியில் ரூட் கிடைக்கவில்லை என்று பேனிக் ஆகும். பயப்படாதீர்கள், அதுவரை வந்தாலே உங்கள் கர்னல் பூட் ஆகிவிட்டது. வெளியே வர கண்ட்ரோல்-ஏ, பிறகு எக்ஸ்.

படி 6: பை 4-ஐயே ஹோஸ்டாக்க

பலகையில் 64 பிட் கர்னல் ஓட வேண்டும். டிமெசேஜ் கட்டளை காட்டும் கர்னல் செய்திகளில் எல்லா சிபியுவும் இஎல்2-இல் துவங்கியதாக ஒரு வரி இருக்கிறதா, டெவ் அடைவில் கேவிஎம் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பு இருந்தும் அனுமதி இல்லை என்று சொன்னால் உங்கள் பயனரை கேவிஎம் குழுவில் சேர்த்து, ஒரு முறை லாக்அவுட் செய்துவிட்டு வாருங்கள். இப்போது அதே இமேஜை ஆக்சலுக்கு கேவிஎம், சிபியுவுக்கு ஹோஸ்ட், ஜிக்-வெர்ஷனுக்கும் ஹோஸ்ட் என்று கொடுத்து ஓட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பை 3-இல் ஆர்மின் ஜிக் இன்டரப்ட் கண்ட்ரோலர் கிடையாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ரிஸ்க்-ஃபைவ் கெஸ்ட்டுக்கும் இதே வழிதான். அதற்கான கிராஸ் கம்பைலரை நிறுவி, ஆர்ச்சுக்கு ரிஸ்க்வி, முன்னொட்டில் ஏஆர்ச்64-க்குப் பதில் ரிஸ்க்வி64, ஓட்டும்போது கியூஎமு-சிஸ்டம்-ரிஸ்க்வி64, இமேஜ் பாதையில் ரிஸ்க்வி, கன்சோலுக்கு டிடிஒய்எஸ்0 என்று மாற்றி, கார்டெக்ஸ்-ஏ57-ஐ எடுத்துவிடுங்கள். அங்கே ஹோஸ்ட் கேவிஎம் 2022-இல், 5.16 பதிப்பில்தான் வந்தது. அதற்கும் எச் நீட்சி (ஹைப்பர்வைசருக்கான கூடுதல் கட்டளைகள்) உள்ள சிப் வேண்டும், ஆகவே பலகை வாங்குவதற்கு முன் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.