டீலோஸ் தீவுக்குப் போனா மழைத்தண்ணி ஓடின வழியை எப்படிப் பாக்கணும்

கிரீஸ்ல மிக்கோனோஸ் தீவுல இருந்து போட்ல போனா டீலோஸ்னு, பழங்கால ஊரோட இடிபாடுகள் இருக்கிற ஒரு சின்னத் தீவு வரும், போறவங்க நிறைய பேர் மொசைக் தரையை போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுறாங்க, ஆனா சில வீடுகள்ல அந்த மொசைக்குக் கீழயே மழைத்தண்ணி சம்ப் இருக்குங்க. கி.மு. 2-ம் நூற்றாண்டுல ரோம் இதை வரியில்லாத துறைமுகமா ஆக்கினதும் சனம் குவிஞ்சுது. கிணறுகளும் இனோப்போஸ்னு ஒரு ஓடையும் இருந்தாலும் அது பத்தல, அதனால வீட்டுக்கு வீடு மழையைப் பிடிச்சு வெச்சாங்க.

முதல்ல பழங்கால நாடகத் தியேட்டர் பக்கத்துத் தெருவுல ஏதாவது ஒரு வீட்டுக்குள்ள போய் முத்தத்துல நில்லுங்க. சுத்தி நிக்கிற தூணுங்க மேல ஓட்டுக்கூரை உள்பக்கமா சரிஞ்சு இருந்ததா நினைச்சுக்கோங்க, பெய்யிற மழை மொத்தமும் முத்தத்துக்குத்தான் வரும். அப்புறம் கிணத்து வாய் மாதிரி ஒரு கல் வளையத்தைத் தேடுங்க. தண்ணி இறைச்சது அது வழியாத்தான், கயிறு உரசின தடம் விளிம்புல இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. உள்ள எட்டிப் பாக்க முடிஞ்சா சுவத்துல பிளாஸ்டர் தெரியுதான்னும் பாருங்க, ஏன்னா தண்ணி கசியாம நின்னதே அந்தப் பூச்சாலதான், எனக்கு மொசைக்கை விட அதுதான் பெரிய வேலையா படுது.

அங்கிருந்து நேரா தியேட்டருக்குக் கீழ இருக்கிற பெரிய தொட்டிக்குப் போங்க, இதை மட்டும் விட்டுடாதீங்க. சனம் உக்காந்து நாடகம் பாத்த படிக்கட்டுல விழுற மழையெல்லாம் வடிஞ்சு இதுக்குள்ள வரும், நீளம் 20 மீட்டருக்கு மேல. மேல்மூடி இப்ப இல்ல, அதைத் தாங்கின கிரானைட் வளைவுகள் மட்டும் வரிசையா நிக்குது. கி.மு. 3-ம் நூற்றாண்டு வேலைங்க!

இந்தத் தண்ணியை அப்படியே குடிச்சாங்களான்னு கேட்டா, பழங்கால கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரடீஸ் பேர்ல இருக்கிற மருத்துவ நூல்ல மழைத்தண்ணிதான் லேசானது, இனிப்பானதுன்னு சொல்லிட்டு, சீக்கிரம் கெட்டுப் போயிடும், காய்ச்சி வடிகட்டணும், இல்லாட்டி நாத்தம் வரும் தொண்டை கட்டும்னும் எழுதியிருக்கு. அரிஸ்டாட்டில் வேற காரணம் சொல்றார், எதிரி முற்றுகை போட்டா ஊர் தண்ணிக்குத் தவிக்கக் கூடாது, அதனால மழைக்குப் பெரிய தொட்டிகள் கட்டி வெக்கணும்னு. இப்போ துருக்கியில இருக்கிற பெர்கமோன்ங்கிற பழைய கிரேக்க ஊர்ல இன்னும் கறார், வீட்டுத் தொட்டிகளுக்கு அதிகாரிங்க பதிவேடு வெச்சு, கசியாம பாத்துக்கணும், மண்ணு போட்டு மூடக்கூடாது, மீறினா அபராதம்னு சட்டத்தைக் கல்வெட்டுலயே வெட்டி வெச்சுட்டாங்க.

டீலோஸ்ல நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணி பாட்டிலும் கண்டிப்பா எடுத்துக்கோங்க, ராத்திரி தங்க விடமாட்டாங்க அதனால காலையில முதல் போட்டைப் பிடிங்க. கிரீஸோட ரோட்ஸ் தீவுப் பக்கம் போற பிளான் இருந்தா காமிரோஸ்ங்கிற பழைய ஊர்ல மலை மேல ஏறிப் பாருங்க, அங்க 6 லட்சம் லிட்டர் பிடிக்கிற தொட்டி ஒண்ணு, உள்ள இறங்கப் படியோட இருக்கு.