சாஞ்சோ போன வழி அடைபட்டு ஆண்டுகளாகின்றன: அகாடமிக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு லண்டனில் ஞாயிற்றுக்கிழமை லீக்கில் ஆடும் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் பையன்களில் சிலர் பெரிய கிளப்புகளின் அகாடமிகளுக்குப் போகிறார்கள். அவர்களில் பலர் சில ஆண்டுகளில் திரும்பியும் வருகிறார்கள். போகும்போதும் வரும்போதும் பெற்றோர் யோசனை கேட்பது எங்களைப் போன்றவர்களிடம்தான். அண்மையில் பயிற்சியாளர்களாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்கள் அந்தப் பெற்றோருக்குச் சொல்லும் பதில்களைப் பக்கத்தில் நின்று கேட்கிறேன். ஒரு காலத்தில் நாங்கள் நம்பிக்கையோடு உளறிய அதே பதில்கள்.

எல்லைக்கோட்டில் நின்று கத்தாதீர்கள், நடுவரைத் திட்டாதீர்கள், பையனைத் தூங்கவிடுங்கள் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அவை எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். காசையும் ஆண்டுகளையும் விழுங்குகிற தவறுகள் மட்டும் இங்கே.

கிளப் சின்னம் போட்ட சட்டையை அகாடமி என்று நம்புவது

பிரீமியர் லீக் கிளப்புகள் பலவும் கட்டணம் வாங்கிக்கொண்டு சிறுவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. மாலையில் ஒரு மணிநேரம், கிளப்பின் சின்னம் பொறித்த சட்டை, கடைசி நாளில் சான்றிதழ். பையனுக்கு மகிழ்ச்சிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது அகாடமி அல்ல. அகாடமி என்பது 2012இல் தொடங்கிய உயர்நிலை வீரர் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்ட அமைப்பு. ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்துதான் அதில் முறையான பதிவு. வீரனாகப் பதிவு செய்த பையனிடம் கிளப் பயிற்சிக்குக் கட்டணம் கேட்காது. தேர்வுக்குக் காசு கேட்கும் ஆள் எந்தக் கிளப்பின் பெயரைச் சொன்னாலும் அவர் வியாபாரிதான்.

முதல் கையெழுத்தோடு வாழ்க்கையை மாற்றிக்கொள்வது

அந்தப் பதிவு ஓரிரு ஆண்டுக்குத்தான். கேக் வெட்டலாம், வீட்டை மாற்றக்கூடாது.

பிறந்த மாதத்தை மறந்துவிட்டுப் பையனை எடைபோடுவது

இங்கிலாந்தில் பள்ளி ஆண்டும் சிறுவர் கால்பந்தின் வயதுப் பிரிவும் செப்டம்பர் 1இல் தொடங்குகின்றன. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே அணி. பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்றால் தோள் அகலத்திலும் ஓட்டத்திலும் அது அப்படியே தெரியும். அதனால்தான் அகாடமிகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் பிள்ளைகள் குவிந்துகிடக்கிறார்கள். வயதை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியின் அடிப்படையில் அணி பிரித்து ஆடவைக்கும் முறையைப் பிரீமியர் லீக் கொண்டுவந்ததற்கும் இதுவே காரணம்.

ஹாரி கேன் ஜூலையில் பிறந்தவர். ஆர்சனல் அவரைச் சிறுவயதிலேயே அனுப்பிவிட்டது. எபெரெச்சி எசே ஜூன் இறுதியில் பிறந்தவர். பதிமூன்று வயதில் அதே கிளப் அவரையும் அனுப்பியது. ஃபுல்ஹம், ரெடிங், மில்வால் என்று அலைந்து குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் நிலைபெற்று, பிறகு கிரிஸ்டல் பேலஸில் ஆடிய அவரை 2025இல் ஆர்சனல் பெருந்தொகை கொடுத்துத் திரும்ப வாங்கியது. கோடையில் பிறந்தவர்கள் எல்லாரும் கேன் ஆவார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பன்னிரண்டு வயதில் பையன் சிறியவனாகத் தெரிந்தால், கிளப்பின் கடிதத்தைப் பார்க்கும் முன் நாள்காட்டியைப் பாருங்கள்.

பதினாறு வயதில் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று நினைப்பது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

2017 அக்டோபர் 28 அன்று கொல்கத்தாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து 5-2 என்ற கணக்கில் ஸ்பெயினை வென்றது. ஃபில் ஃபோடனை உலகம் அறிந்துகொண்டது அன்றுதான். அந்த அணியில் இருந்த ஜேடன் சாஞ்சோ அன்று மைதானத்தில் இல்லை. குழு ஆட்டங்கள் முடிந்தவுடன் அவருடைய புதிய கிளப்பான டார்ட்மண்ட் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் மான்செஸ்டர் சிட்டி தரவிருந்த ஒப்பந்தத்தை மறுத்துவிட்டுப் பதினேழு வயதில் ஜெர்மனிக்குப் போயிருந்தார். நான்கு ஆண்டுகளில் 7 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியது.

அவருக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். நோனி மதுவேக்கே 2018இல் டாட்டனமிலிருந்து பிஎஸ்வி ஐந்தோவன், ஜமால் முசியாலா 2019இல் செல்சியிலிருந்து பயர்ன், ஜேமி கிட்டன்ஸ் 2020இல் சிட்டியிலிருந்து டார்ட்மண்ட், சாமுவேல் இலிங் ஜூனியர் அதே ஆண்டு செல்சியிலிருந்து யுவென்டஸ். அதே கோடையில் பர்மிங்ஹமிலிருந்து ஜூட் பெல்லிங்ஹம். தெற்கு லண்டனில் எந்தத் தந்தையை நிறுத்திக் கேட்டாலும் இந்தப் பட்டியலைத் தங்குதடையின்றி ஒப்பிப்பார். ஒவ்வொரு பெயரும் 2020 டிசம்பர் 31க்கு முந்தையது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

விதி எளிது. பதினெட்டு வயது நிரம்பாதவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்ற உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளில் 19ஆம் பிரிவு தடை விதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும் அதை ஒட்டிய பொருளாதாரப் பகுதிக்குள்ளும் மட்டும் பதினாறு வயதிலிருந்து அனுமதி உண்டு. மேலே சொன்னவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் போனார்கள். பிரெக்சிட்டுக்குப் பின், 2021 ஜனவரி 1 முதல், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருக்கும் பையனுக்கு அந்தக் கதவு இல்லை. இங்கிலாந்துக் கிளப்புகளும் ஐரோப்பியச் சிறுவர்களைப் பதினெட்டுக்கு முன் எடுக்க முடியாது. முன்பெல்லாம் பதினாறு வயதில் கப்பலேறி இங்கே வந்த அயர்லாந்துப் பையன்கள் இப்போது இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போகிறார்கள்.

இது ஒன்றும் ரகசியமல்ல. ஆனாலும் ஸ்பெயினில் கடலோர நகரங்களில் இருந்துகொண்டு விடுதியோடு கூடிய தனியார் கால்பந்துப் பள்ளிகள் இங்கிலாந்துக் குடும்பங்களுக்கு விளம்பரம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. புல்தரை, நீச்சல்குளம், பெரிய கிளப்பின் ஸ்கவுட்கள், அதாவது திறமை தேடும் ஆட்கள், வருகை. வந்து பார்த்தாலும் அந்த ஸ்கவுட் பையனைப் பதிவு செய்ய முடியாது என்ற ஒரு வரி மட்டும் அதில் இருக்காது. விற்பவர்களுக்கு விதி நன்றாகவே தெரியும். எனக்கு எரிச்சல் அங்கேதான்.

நான் பார்த்த ஒரு பையனைச் சொல்கிறேன். இடதுகால் ஆட்டக்காரன், விங்கில் ஓடத் தொடங்கினால் எதிரணியின் தடுப்பாட்டக்காரன் திணறுவான். மூன்றாம் அடுக்குக் கிளப் ஒன்று பதினாறு முடிந்ததும் இரண்டாண்டு ஸ்காலர்ஷிப் (படிப்போடு சேர்ந்த முழுநேரப் பயிற்சி இடம்) தருவதாகச் சொன்னது. அப்பா பஸ் ஓட்டுநர். யாரோ சொன்னதை நம்பி அதை மறுத்துவிட்டு, வங்கியிலும் தம்பியிடமும் கடன் வாங்கி ஸ்பெயினில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே தினமும் இரண்டு வேளை பயிற்சி. ஆட்டம் என்று நடந்ததெல்லாம் அதே மாதிரியான பள்ளிகளோடு நட்பு ஆட்டங்கள். லீக்கில் பெயர் பதிய வேண்டுமென்றால் 19ஆம் பிரிவு குறுக்கே நின்றது. அடுத்த வசந்தத்தில் திரும்பி வந்தபோது இங்கே அந்த ஆண்டின் ஸ்காலர் இடங்கள் எல்லாம் நிரம்பி, அவன் வயதுப் பையன்கள் ஏறத்தாழ ஒரு பருவத்தை முடித்திருந்தார்கள். பதினாறு வயதுப் பருவத்தின் நடுவிலேயே கிளப்புகள் அந்த இடங்களை முடிவு செய்துவிடும். அந்த வண்டி ஒருமுறைதான் வரும்.

அவன் அங்கே எதுவுமே கற்கவில்லை என்று சொல்லமாட்டேன். பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்ப்பது அங்கிருந்து வந்த பழக்கம்தான். இப்போது ஏழாம் அடுக்கில் ஆடுகிறான், நன்றாகவே ஆடுகிறான். கடன் இன்னும் அடைபடவில்லை.

இந்த இடத்தில் புத்திசாலிகள் சிலர் குறுக்கே பேசுவார்கள். “அப்பாவுக்கு அங்கே ஒரு வேலை வாங்கிவிட்டால் போதுமே?” பெற்றோர் கால்பந்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் விலக்கு உண்டு என்பது உண்மைதான். காரணம் உண்மையா என்பதையும் ஃபிஃபா துருவிப் பார்க்கும். சிறுவர்களைப் பதிவு செய்த விவகாரத்தில் 2014இல் பார்சிலோனாவுக்கும் 2019இல் செல்சிக்கும் புதிய வீரர்களை வாங்கவே தடை விழுந்தது. அவர்களே மாட்டிக்கொண்ட இடத்தில் உங்கள் பொய் வேலைக் கடிதத்தை வைத்து எந்தக் கிளப்பும் விளையாடாது. மேலும், பிரிட்டிஷ் குடிமக்கள் விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம்.

அயர்லாந்துப் பாட்டியோ தாத்தாவோ உள்ள குடும்பங்களின் கதை வேறு. அவர்களுக்கு அந்நாட்டுக் குடியுரிமை கேட்கும் உரிமை இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இருந்தால் பதினாறிலேயே போகலாம். முசியாலாவுக்கும் ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் அழைப்பு வந்த பிறகு விண்ணப்பத்தைத் தேடாதீர்கள், மாதக்கணக்கில் ஆகும். சேர்க்கும் கிளப் கால்பந்துப் பயிற்சியோடு பள்ளிக் கல்வி, தங்குமிடம், பொறுப்பாளர் ஒருவர் என எல்லாவற்றையும் தர விதிப்படி கடமைப்பட்டது. அவற்றை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று: பதினைந்துக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் மூன்று ஆண்டு உள்நாட்டுக் கிளப்பில் இருந்தால்தான் ஐரோப்பியப் போட்டிகளுக்கு உள்நாட்டில் வளர்ந்த வீரன் என்ற கணக்கில் வருவான். இங்கிலாந்துக் கிளப்புகளுக்கு அந்தக் கணக்கு முக்கியம். திரும்பி வரும் நாளில் அதற்கு ஒரு விலை உண்டு.

வெளிநாடே கூடாது என்பது என் கட்சி அல்ல. ஜெர்மனியின் பண்டஸ்லீகா ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரர்களுக்கான எண்ணிக்கை வரம்பை 2006இலேயே நீக்கிவிட்டது. பதினெட்டு தாண்டியவனுக்கு அங்கே இன்றும் இடம் உண்டு. பெல்லிங்ஹம் கூடப் போவதற்கு முன் பர்மிங்ஹமின் முதல் அணியில் ஒரு முழுப் பருவம், 44 ஆட்டங்கள், ஆடிவிட்டுத்தான் போனார் என்பதையும் பட்டியல் ஒப்பிப்பவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். இன்றைய பையன்கள் பார்க்க வேண்டியது அவருடைய தம்பி ஜோபை. பர்மிங்ஹமில் தொடங்கி, சண்டர்லாந்தில் இரண்டு பருவம் இரண்டாம் அடுக்கில் அடிபட்டு, அணியைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டு, 2025இல் பத்தொன்பது வயதில் டார்ட்மண்ட் போனார்.

இழப்பீட்டுக் கணக்கைக் கேட்காமல் விலகுவது

பையனுக்கு ஆட வாய்ப்பு குறைகிறது, பயிற்சியாளரோடு ஒத்துவரவில்லை, விலகிவிடலாம் என்று தோன்றும். கிளப் தானாக விடுவித்தால் புதிய கிளப் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. கிளப் வைத்துக்கொள்ள விரும்பி, நீங்கள் மறுத்து வெளியேறினால், பையனோடு ஒரு விலைச்சீட்டும் கூடவே வரும். 2012இல் திட்டம் தொடங்கியபோது முதல்தர அகாடமியில் ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிரிவுகளுக்கு ஆண்டுக்கு 3,000 பவுண்டு, பன்னிரண்டு முதல் பதினாறு வரை ஆண்டுக்கு 40,000 என்று வைத்தார்கள். தொகைகள் பின்னர் திருத்தப்பட்டன. அந்தக் கணக்கிலேயே பார்த்தாலும், ஒன்பதில் சேர்ந்து பதினைந்து வயதுப் பிரிவு முடித்து வெளியேறும் பையனுக்கு 1,69,000 பவுண்டு. நான்காம் அடுக்குக் கிளப் எதுவும் அவ்வளவு கொடுத்து ஒரு சிறுவனை எடுக்காது. கோபத்தில் கடிதம் எழுதும் முன், இழப்பீட்டு உரிமையைக் கைவிடுவீர்களா என்று கிளப்பிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஏஜென்ட்

பதினாறு நிறையும் ஆண்டு பிறக்கும் முன்பே வீட்டுக்கு வருகிறவர் விதியை மீறித்தான் வருகிறார். காபி கூட வேண்டாம்.

லோனில் கிளப்பின் பெயரைப் பார்ப்பது

லோன் என்றால் ஒரு கிளப் தன் வீரனைச் சிறிது காலத்துக்கு வேறு கிளப்பில் ஆட அனுப்புவது. பெரிய பெயர் ஆட்டம் தருவதில்லை. ஆர்சனலின் எமில் ஸ்மித் ரோ 2019இல் லோனில் ஜெர்மனியின் லைப்சிக் போய், காயத்தோடு மூன்றே ஆட்டங்கள் ஆடினார். அடுத்த ஆண்டு ஹடர்ஸ்ஃபீல்டில் தொடர்ந்து ஆடி, அந்த அணி இரண்டாம் அடுக்கில் தங்க உதவிய கோலையும் அடித்தார். இதற்கு நேரெதிர் அடெமோலா லுக்மன். பதினாறு வயதுவரை எங்கள் பக்கத்து ஞாயிறு லீக்கில் ஆடிச் சார்ல்டனுக்குப் போனவர். 2018இல் எவர்டன் டெர்பிக்கு அனுப்ப நினைத்தபோது பிடிவாதமாக லைப்சிக்கைத் தேர்ந்தெடுத்து, பதினொரு ஆட்டங்களில் ஐந்து கோல் அடித்தார். ஒரே கிளப், ஒருவருக்குக் கைகொடுத்தது, இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை.

ஆகவே கேட்க வேண்டியவை வேறு. பையனை வேண்டும் என்று சொன்ன மேலாளர் நவம்பரிலும் பதவியில் இருப்பாரா? அவன் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர்? தாய்க் கிளப்பிலிருந்து யார், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்? ஆட்டம் கிடைக்காவிட்டால் ஜனவரியில் திரும்ப அழைக்கலாம் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா?