இல்லஸ்ட்ரேட்டர் படம் இங்க்ஸ்கேப்பில் சுருங்கியது: என் அனுபவம்

நண்பர் அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்த கடைப் பலகையை எஸ்விஜி (கோடுகளாகச் சேமிக்கும் பட வகை) கோப்பாக அனுப்பினார். இலவச வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் திறந்தால் 8 அங்குல அகலம் 6 அங்குலமாகி நிற்கிறது. கடைப் பெயரிலோ 'கொ' சிதறி, ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம்.

அளவு சிக்கல் வெறும் கணக்கு. இல்லஸ்ட்ரேட்டர் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று எழுதுகிறது, இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பிலிருந்து 96 என்று படிக்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 133.33 சதவீதமாகப் பெரிதாக்கினேன், சரியாகிவிட்டது. மேலே கருவிப்பட்டையில் கோட்டுத் தடிமனும் சேர்ந்து மாறும் பொத்தான் அழுத்தியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் படம் வளரும், கோடுகள் மெலிந்தே இருக்கும்.

எழுத்துதான் உண்மையான தலைவலி. நண்பரிடம் சொல்லி, இல்லஸ்ட்ரேட்டர் அமைப்புகளில் இந்திய மொழி வசதியை இயக்கி, பத்திப் பலகத்தில் தெற்காசிய கம்போசரை (எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வசதி) தேர்ந்தெடுக்க வைத்தேன். 'கொ' ஒழுங்காகச் சேர்ந்தது. அதன் பிறகுதான் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்தி எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்ற வேண்டும். உடைந்த எழுத்தை அவுட்லைன் ஆக்கினால் அது உடைந்தபடியே உறைந்துவிடும். திருத்துவதற்கு எழுத்தாகவே உள்ள பிரதி ஒன்றையும் தனியாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

அச்சகத்துக்கு எஸ்விஜி போகவில்லை. அதில் நிறம் திரைக்கான ஆர்ஜிபிதான், நண்பர் வைத்த அச்சு மைக்கான சிஎம்ஒய்கே மதிப்புகள் தங்காது. அவரிடமிருந்தே பிடிஎஃப் வாங்கி அனுப்பினோம்.