இரண்டு விமான நிறுவனம் ஒன்றாகிறதா? பேச்சுவார்த்தைக்குப் போகும் முன் சங்கம் செய்ய வேண்டியவை

இணைப்பு அறிவிப்பு வந்த அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: சம்பளம் ஏறுமா? கேட்பதில் தப்பில்லை. ஆனால் சங்கமும் அதிலிருந்தே தொடங்கினால் காரியம் கெட்டுவிடும். நிர்வாகத்தின் கதவைத் தட்டுவதற்கு முன்னால், அந்த இன்னொரு நிறுவனத்தில் உங்களைப் போலவே ராத்திரி இரண்டு மணி ஷிப்டுக்கு வருகிறவரிடம் பேசி முடிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்டரிலும், பெட்டி தொலைந்தவர்கள் வந்து கத்துகிற அந்தக் கவுன்டரிலுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சங்கத்தில் இணைச் செயலாளர். எங்கள் நிறுவனத்தை இன்னொன்றோடு சேர்த்தபோது பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்த ஒரே பெண் நான்தான். அண்மையில் மறுபடி இணைப்புகள் நடந்தன. ஏஐஎக்ஸ் கனெக்ட் (பழைய ஏர்ஏஷியா இந்தியா) 2024 அக்டோபரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு சேர்ந்தது, விஸ்தாரா அதே வருஷம் நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு சேர்ந்தது. இளம் தோழர்கள் போன் செய்து கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் காகிதம்

கம்பெனிகள் இணைவது 2013-ம் வருஷக் கம்பெனிகள் சட்டத்தின் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின்படி, தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு நடக்கும். அங்கே தாக்கலாகும் இணைப்புத் திட்டத்தில் ஊழியர்களைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். மற்றதெல்லாம் பங்கு, கடன், சொத்து. அந்த ஒரு பத்தியை நகலெடுத்து ஓய்வறைச் சுவரில் ஒட்டுங்கள்.

அதில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். சேவை அறுபடக் கூடாது. வேலை நிபந்தனைகள் முன்பைவிடக் குறையக் கூடாது. நாளைக்கு ஆட்குறைப்பு வந்தால் பழைய வருஷங்களையும் சேர்த்தே புதிய நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு சொன்னது இதுதான். அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இது இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டால், பழைய முதலாளியிடம் இழப்பீடு கேட்கும் உரிமை வருகிறது.

சேவை அறுபடாமல் இருப்பது எவ்வளவு பெறும் என்று பையன்களுக்குப் புரிய வைக்க ஒரு கணக்குப் போடுவேன். ஒருவருக்குப் பழைய நிறுவனத்தில் 11 வருஷம், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 30,000 ரூபாய். "கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) இப்போதே செட்டில் பண்ணிடறோம்" என்பார்கள். மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், அதாவது 15-ஐ 26-ஆல் வகுத்து, 30,000-ஆல் பெருக்கி, 11 வருஷத்துக்கு: 1,90,385 ரூபாய். கையில் மொத்தமாகப் பணம் வருகிறதே என்று மனசு ஆடும். அவர் புதிய நிறுவனத்தில் இன்னும் 10 வருஷம் இருந்து, 60,000-ல் ஓய்வு பெற்றால் அங்கே கிடைப்பது 3,46,154. இரண்டும் சேர்த்து 5,36,538. இடையில் கை வைக்காமல் 21 வருஷத்தையும் தொடர்ச்சியாக விட்டிருந்தால், எல்லா வருஷத்துக்கும் கடைசிச் சம்பளமான 60,000-தான் கணக்கு: 7,26,923. வித்தியாசம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபாய். ஒரு கையெழுத்தில் போயே போச்சு.

இப்போதெல்லாம் கையெழுத்துகூடக் கேட்பதில்லை, எச்.ஆர். போர்ட்டலில் ஒரு பட்டன். "புதிய நியமனக் கடிதம், வெள்ளிக்கிழமைக்குள் ஏற்கவும்" என்று வரும். ராஜினாமா, புதிய நியமனம், தகுதிகாண் காலம் ஆகியவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் நிறுத்திவிட்டு, திரையைப் படம் பிடித்து சங்கத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஏற்காமல் உள்ளே நுழையவே முடியாது என்ற நிலை வந்தால், "என் முந்தைய சேவைக்கும் உரிமைகளுக்கும் பாதகமின்றி ஏற்கிறேன்" என்று அன்றே எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட வேண்டும்.

சீனியாரிட்டி: சண்டையே இங்கேதான்

விமானத் தொழிலில் சீனியாரிட்டி என்பது பதவி உயர்வு மட்டும் இல்லை. தீபாவளிக்கு லீவு யாருக்கு, எந்த ஷிப்ட் யாருக்கு, ஸ்டாஃப் டிக்கெட்டில் கடைசி சீட்டு காலியாக இருந்தால் ஏறுகிறவர் யார், எல்லாம் அந்தப் பட்டியல்தான். இரண்டு பட்டியலை ஒன்றாக்கும்போது ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கியே ஆக வேண்டும். நிர்வாகத்துக்கு இதில் காசு செலவில்லை. அதனால் அவர்களுக்கு அவசரமும் இல்லை. நாம் அடித்துக்கொண்டால் அவர்களுக்கு நல்லதுதான்.

அமெரிக்காவில் யுஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரண்டு விமான நிறுவனங்கள் 2005-ல் இணைந்தன. விமானிகளின் பட்டியலை 2007-ல் ஒரு நடுவர் தீர்த்து வைத்தார். பெரிய விமானம் ஓட்டிய சுமார் 500 கிழக்குப் பிரிவு (பழைய யுஎஸ் ஏர்வேஸ்) விமானிகள் உச்சியில், லே-ஆஃபில் (வேலை தராமல் நிறுத்தி வைக்கப்பட்டு) இருந்தவர்கள் அடியில், மற்றவர்கள் விகிதப்படி கலந்து. கிழக்குப் பிரிவினர் ஏற்கவில்லை. அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். புதுச் சங்கம் கட்டி, 2008-ல் பழைய சங்கத்தையே வெளியே தள்ளினார்கள். 2013-ல் அந்த நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு மறுபடி இணையும் காலம் வரை இரண்டு பிரிவும் தனித்தனி ஒப்பந்தத்தில்தான் வேலை பார்த்தன. இடைப்பட்ட வருஷங்களின் சம்பள உயர்வை யார் திருப்பித் தருவது? டிடபிள்யூஏ என்ற இன்னொரு விமான நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2001-ல் வாங்கியபோது அதன் விமானப் பணிப்பெண்களைப் பட்டியலின் அடியில் சேர்த்தார்கள். அந்தக் கசப்பில் பிறந்ததுதான் 2007-ன் மெக்காஸ்கில்-பாண்ட் சட்டம். நியாயமான முறையில் பட்டியலை இணை, முடியாவிட்டால் நடுவரிடம் போ என்கிறது. நம் ஊரில் விமானத் துறைக்கென்று அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. நாமே உட்கார்ந்து தீர்க்க வேண்டியதுதான்.

உள்ளூர்க் கதையும் தெரிந்ததே. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-ல் ஒன்றாயின. 2011-ல் சம்பளச் சமத்துவம் கேட்டு பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம். 2012-ல் புதிய ட்ரீம்லைனர் விமானத்தை ஓட்டும் பயிற்சி யாருக்கு என்று பழைய ஏர் இந்தியா விமானிகள் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக வேலைநிறுத்தம். நடுவில், இரு தரப்பு ஊழியர்களையும் ஒன்றாக்குவது பற்றி நீதிபதி தர்மாதிகாரி குழு அறிக்கை. பெயர்ப் பலகை மாறி ஐந்து வருஷமாகியும் உள்ளே இரண்டு கம்பெனிதான்.

சரி, எப்படிச் செய்வது? இரண்டு சங்கத்திலிருந்தும் மும்மூன்று பேர். முடிந்தால் ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஓய்வை நெருங்கியவர்கள், அதாவது பட்டியலில் தங்கள் இடத்தைப் பற்றிக் கவலை இல்லாதவர்கள். இரண்டு சங்க அலுவலகமும் வேண்டாம். நாங்கள் பல்லாவரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை மதிய நேரத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தோம்.

எந்தத் தேதியைக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் முட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்து லோடர்கள் (பெட்டி ஏற்றி இறக்குகிறவர்கள்) பல வருஷம் கேஷுவலாக இருந்து அப்புறம் நிரந்தரமானவர்கள். அந்தப் பக்கத்தில் முதல் நாளே நியமனக் கடிதம். நிரந்தரமான தேதியை எடுத்தால் எங்கள் ஆள் இறங்குவார், முதன்முதலில் வேலைக்கு வந்த தேதியை எடுத்தால் அவர்கள் ஆள் இறங்குவார். நாங்கள் இதை இரண்டாகப் பிரித்தோம். லீவு, ஷிப்ட், ஸ்டாஃப் டிக்கெட் ஆகியவற்றுக்கு முதன்முதலில் வேலைக்கு வந்த தேதி. பதவி உயர்வுக்கு அந்தக் கிரேடில் சேர்ந்த தேதி. அதுவும் முதல் சில வருஷத்துக்கு, காலியிடங்களைப் பழைய பட்டியல்களிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக நிரப்புவது. ஒரே தேதி என்றால் வயதில் மூத்தவர் மேலே. பிரசவ விடுப்பு இடைவெளியாகாது என்று தனியாக எழுத வைத்தேன். கேட்டால்தான் எழுதுவார்கள்.

வரைவுப் பட்டியலை அந்தக் கூடத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினோம். ஷிப்ட் முடிந்து இரண்டு சீருடையும் கலந்து வந்து, விரலை வைத்துத் தங்கள் பெயரைத் தேடினார்கள். அந்தப் பக்கத்து லோடர் ஒருவர் என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு மேல புதுசா ஆறு பேரு வந்திருக்காங்களே, அவங்க யாரு?" என்றார். ஆறில் இரண்டு பேர் அங்கேயே நின்றிருந்தார்கள். அவர்கள் சேர்ந்த வருஷத்தைக் கேட்டுவிட்டு, "என்னைவிட முன்னாடிதான்" என்று போய்விட்டார். செல்போனில் பிடிஎஃப் ஆக அனுப்பியிருந்தால் அதே ஆள் குழுவில் நூறு செய்தி போட்டிருப்பார். ஆட்சேபணைக்கு 15 நாள் கொடுங்கள், எழுத்தில் மட்டும்.

யார் மேஜையில் உட்காருவது

புதிய சட்டத் தொகுப்பின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கமே ஒற்றைப் பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால், 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு. இணைப்பில் இது எப்படி விளையாடும் பாருங்கள். கணக்குக்காக, ஒரு நிறுவனத்தில் 1,200 பேர், சங்கத்தில் 800. இன்னொன்றில் 900 பேர், சங்கத்தில் 500. இரண்டுமே நேற்று வரை பெரும்பான்மைச் சங்கம். இணைந்த மறுநாள் 2,100 பேரில் ஒருவருக்கு 38 சதவீதம், இன்னொருவருக்கு 24. தனியாக இருவருக்கும் மேஜை இல்லை. பட்டியலை முன்பே சேர்ந்து தயாரித்தவர்கள் இங்கே திணற மாட்டார்கள்.

கோரிக்கைப் பட்டியல்

பதவிப் பெயர்களை முதலில் பொருத்துங்கள். இங்கே டிராஃபிக் அசிஸ்டென்ட், அங்கே கஸ்டமர் சர்வீஸ் எக்ஸிகியூட்டிவ், இரண்டு பேரும் கொடுப்பது அதே போர்டிங் கார்டு. எக்ஸிகியூட்டிவ் என்ற பெயரை வைத்து "நீ தொழிலாளியே இல்லை" என்று ஒதுக்கப் பார்ப்பார்கள். பெயரை விட்டுவிட்டு, செய்யும் வேலையை எழுதிக் காட்டுங்கள்.

எழுதாத வழக்கங்களையும் எழுதுங்கள். எங்கள் நிறுவனத்தில் ராத்திரி ஷிப்ட் பெண்களுக்கு வண்டி வீட்டு வாசலுக்கு வரும். அந்த நிறுவனத்தில் மெயின் ரோட்டில் ஒரு பிக்-அப் இடம்தான். இணைந்ததும் செலவு குறைப்பு என்று பிக்-அப் இடத்துக்கு மாற்றினார்கள். விடியற்காலை மூன்றரைக்கு பம்மலின் உள்தெருவிலிருந்து மெயின் ரோடு வரை நாய்களுக்கு நடுவே நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். வழக்கமாக இருந்து வரும் சலுகையைப் பறிப்பதும் வேலை நிபந்தனை மாற்றம்தான். அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் 9ஏ, புதியதில் 40-வது பிரிவு. அந்த முன்னறிவிப்பு எங்கே என்று எழுத்தில் கேட்டதும் வண்டி திரும்பி வாசலுக்கு வந்தது.

சம்பளத்தில் கவனிக்க ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பெர்சனல் பே. புதிய விகிதத்தில் உங்கள் அடிப்படை குறைந்தால், வித்தியாசத்தை அந்தப் பெயரில் தருவார்கள். சம்பளம் குறையவில்லையே என்று தோன்றும். அடுத்தடுத்த இன்கிரிமென்டில் அதைக் கழித்துக்கொண்டே வருவார்கள். பி.எஃப்.-க்கும் சேர்க்க மாட்டார்கள். கழிக்கக் கூடாது, அடிப்படையாகவே கருத வேண்டும் என்று ஒப்பந்தத்தில் வரி வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தப் பட்டியல் எதிலும் இல்லை. இணைப்பில் முதலில் வீட்டுக்குப் போவது அவர்கள்தான். அவர்களுக்கென்று ஒரு கோரிக்கையாவது வையுங்கள்.

மேஜையில்

ஒரே பெண் என்பதால் குறிப்பெடுக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். மினிட்ஸ் எழுதுகிறவர் கையில்தான் கூட்டம் இருக்கிறது. "விரைவில்" என்று அவர்கள் சொன்னால் தேதி என்ன என்று நிமிர்ந்து கேட்பேன். அன்றன்றைக்கே இரு தரப்பும் கையெழுத்து, இல்லாவிட்டால் டீ குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டோம். பேசுகிறவர் ஒருவர், கணக்குப் பார்க்கிறவர் ஒருவர், கோபப்பட ஒருவர். கோபப்படுகிறவர் நிஜமாகவே கோபப்படுகிறவராக இருக்கக் கூடாது.

நேரடிப் பேச்சில் முடிந்தாலும், கையெழுத்தை சமரச அதிகாரி முன்னிலையில் போடப் பாருங்கள். விமானப் போக்குவரத்து மத்திய அரசின் எல்லைக்குள் வருவது. ஆகவே சென்னையில் மத்திய அரசின் சமரச அதிகாரியைப் பார்க்கப் போக வேண்டியது ஹேடோஸ் ரோடு சாஸ்திரி பவன். அவர் முன்னிலையில் போடுவதைப் பழைய ஆட்கள், பழைய சட்டத்தின் பிரிவை வைத்து, இன்னும் 12(3) ஒப்பந்தம் என்றே சொல்வார்கள். தனியாகப் போடும் ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். சமரசத்தில் வந்தது எல்லோரையும், நாளை வேலைக்குச் சேர்கிறவரையும்கூடக் கட்டுப்படுத்தும். காலம் முடிந்துவிட்டது, இனி பழைய ஒப்பந்தம் செல்லாது என்று யாராவது சொன்னால், எல்.ஐ.சி. போனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980-ல் சொன்னதைக் காட்டுங்கள்: புதியது வரும்வரை பழையது ஓடும். அங்கே வராந்தா பெஞ்சில் காத்திருக்க வேண்டி வரும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

வேலைநிறுத்தத்துக்கு நோட்டீஸ் வேண்டும். கொடுத்து 14 நாளுக்குள் இறங்க முடியாது. 60 நாளுக்குள் இறங்காவிட்டால் மறுபடி நோட்டீஸ். சமரசம் நடக்கும்போதும் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம் என்கிறது புதிய தொகுப்பு. 2024 மே மாதம், இணைப்பு வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று சொன்னார்கள். 25 பேரை நீக்கியது நிர்வாகம். டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேசி 9-ம் தேதி வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். அது பலித்தது என்று அதையே வழியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். முறையாக நோட்டீஸ் கொடுத்த சங்கத்தை நிர்வாகம் அந்த 14 நாளுக்குள் கூப்பிட்டுப் பேச வாய்ப்பு அதிகம்.

கையெழுத்தானதும் ஒப்பந்தத்தைத் தமிழில் சுருக்கி அச்சடித்து, திரிசூலம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை வரை கொடுங்கள். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் ஒவ்வொரு கிரேடிலும் நாலைந்து பேருடையதை வாங்கி வரிவரியாகச் சரிபாருங்கள்: சேர்ந்த தேதி, அடிப்படை, பி.எஃப். எண், நிலுவைத் தொகை. சேர்ந்த தேதியில்தான் அதிகம் தப்பு வரும், ஏனென்றால் புதிய மென்பொருள் இணைப்பு நாளையே எல்லோருக்கும் போட்டுவிடும். அந்த மாதமே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.